குளியலறைக் கண்ணாடியும் பன்னிரண்டு ரோலர்களும்

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் சொந்தச் சக்கரத்தில் உருண்டு வராத காருக்கு எங்கள் மின்னசோட்டா ஊரில் ஒரே பெயர்தான்: மூட்டை. பத்து மணிக்குள் ஓடாவிட்டால் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதாக லாவான் அத்தையின் தம்பி ஆர்லன் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக அத்தை தன் 1921ஆம் வருடக் காரைத் தானே ஓட்டிப் போகிறாள். மூட்டையாகப் போவதற்குப் பதில் அதை ஏரியில் தள்ளிவிடுவாள்.

பின் அச்சில் வலது பேரிங் கரகரத்தது. புதியது வர மூன்று வாரம் ஆகும். அதனால் காபி டின்களில் கிடந்த பழைய பேரிங்குகளைப் பிரித்து, உள்ளே சுழலும் எஃகு உருளைகளான ரோலர்களை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். செதில் எழுந்தவை குப்பைக்குப் போயின. மிஞ்சிய பன்னிரண்டை இரவல் மைக்ரோமீட்டரால் அளந்தாள். எட்டு ஒரே தடிமன். நான்கு மயிரிழை தேய்ந்தவை. ஒரு பேரிங் கூட்டுக்குள் எட்டு வேண்டும். ஒன்று மெலிந்திருந்தாலும் அதன் சுமையையும் மற்றவை தாங்கித் தேய்ந்து போகும். பன்னிரண்டு குழி கேக் தட்டில் முதல் இரண்டு வரிசையில் நல்லவை, கடைசி வரிசையில் தேய்ந்தவை. அப்படியே சமையலறை மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

ஊர்வலத்தன்று காலையில் வெர்லின் மாமா எழுந்ததும் பாத்திரம் கழுவினார். அது அவர் பழக்கம்.

"ரோலரெல்லாம் எங்க?" என்றாள் அத்தை.

"பளபளன்னு ஆக்கிட்டேன். கரண்டிக் கூடையில இருக்கு."

"பன்னெண்டும் ஒண்ணாவா?"

"தனித்தனியாக் குளிக்குறதுக்கு அதுங்களுக்கு என்ன வெக்கம்?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கலாக வெளியேறின. மைக்ரோமீட்டரை முந்தின நாளே திருப்பிக் கொடுத்தாயிற்று. அதன் சொந்தக்காரர் அதோடு ஏரி வீட்டுக்குப் போய்விட்டார். மணி எட்டு.

அத்தை திடீரென்று மாடிக்கு ஓடினாள். குளியலறையில் மாமா அதற்குள் பாதி முகம் மழித்திருந்தார்.

"தள்ளு, கண்ணாடி வேணும்."

"லாவான், இந்தக் கன்னம் மட்டும்..."

"ஊர்ல யாரும் உன் கன்னத்தப் பாக்க வரல."

கண்ணாடியைக் கழற்றிச் சமையலறை மேசையில் படுக்க வைத்தாள். வீட்டில் அதைவிடச் சமதளம் வேறில்லை. ரோலர்களைத் துடைத்துப் பக்கம் பக்கமாக அடுக்கினாள்.

"நேரா ஒரு இரும்புப் பட்டை வேணும், நெளியக் கூடாது. உங்கிட்ட இருக்கா, கண்ணு?"

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அத்தை வீட்டுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த ஒரே சாமான், ஓர் எஃகு அளவுகோல். எடுத்துக் கொடுத்தேன். அதை ரோலர்களின் மேல் குறுக்கே வைத்து, அத்தை இரு முனையிலும் விரலால் அமுக்கினாள்.

"தடிச்சதெல்லாம் அளவுகோலத் தாங்கிக்கும். மெலிஞ்சது சும்மா நிக்கும். ஊதுங்க."

நானும் மாமாவும் குனிந்து ஊதினோம். மாமாவின் கன்னத்துச் சோப்பு நுரை பறந்து கண்ணாடியில் அப்பியது. ஒரு ரோலர் தள்ளாடியது. அத்தை அதை உருவி எடுத்தாள். இன்னொன்று. மூன்றாவது. எனக்குத் தலை சுற்றியது. மாமாவுக்குச் சிரிப்பில் மூச்சே வரவில்லை.

"இன்னொண்ணு எங்க ஒளிஞ்சிருக்கு?"

"லாவான், நான் செத்துருவேன்."

"ஊதிட்டுச் சாவு."

நான்காவது உருண்டது. மற்ற எட்டும் அசையவில்லை.

அந்த எட்டையும் பேரிங்கில் பொருத்தி, ஒன்பதே முக்காலுக்குச் சக்கரம் பூட்டினோம். ஆர்லன் ட்ரெய்லரோடு வாசலில் வந்து நின்றபோது, அத்தை காரை அவரைச் சுற்றி ஓட்டித் தெருவில் இறக்கிவிட்டாள்.

"கரகரப்பு இல்ல," என்றார் மாமா, பின்சீட்டிலிருந்து.

"பேசாத. கேக்கணும்."

ஊர்வலம் மாதா கோயிலருகே நின்றபோது அத்தை இறங்கி, வலது பின்சக்கரத்தின் நடுவே, சூடு ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்தோம்.

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கு," என்றாள்.

பின்னால் ஆர்லன் காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். மாமா வழியெல்லாம் மிட்டாய் வீசினார், தெருவின் ஒரு பக்கத்துக்கு மட்டும், மழித்த கன்னம் தெரியும்படி.