சிரித்துக்கொண்டே கொடுத்த பாய்

மகள் கல்யாணத்தன்று ஊர் வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக்கொள்ள லோசலினே ஆசையாகப் பின்னிய மெல்லிய தாழம்பாயை, புருஷனின் அக்கா சீயுலா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பி வீட்டில் கண்ணில் பட்டதை அக்கா எடுக்கலாம். டோங்காத் தீவுகளில் அதுதான் முறை. லோசலினேவும் சிரித்தபடியே வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை கல்யாணம்.

"எனக்கு அந்தப் பாய் வேணும்," என்று புருஷனிடம் கத்தினாள்.

"பிரஷர் மாத்திரை போட்டியா?" என்றான் அவன்.

மாமியார் சிரித்தாள். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு. இளநீ குடிம்மா."

அங்கே இருக்கப் பிடிக்காமல் தம்பி மாஃபியின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்கு அவள்தான் அக்கா. அவள் முகத்தைப் பார்த்ததுமே மாஃபி குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவளுக்காகப் பன்றிக்குட்டி நெருப்பில் ஏறியது. அதே கோபம்தான், இங்கே யாரும் மாத்திரை தேடவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

"உள்ள ஒரு பாய் இருக்குக்கா. எடுத்துக்க," என்றான் மாஃபி, நிமிராமல்.

அவன் மனைவி ஃபேஹி பின்னியது அது. அவளே சுருட்டி எடுத்து வந்தாள், சிரித்துக்கொண்டே. சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது. லோசலினேவுக்குப் பழக்கமான சிரிப்பு.

"யாருக்குப் பின்னினே?"

"பரவாயில்ல அண்ணி."

"யாருக்குன்னு கேட்டேன்."

"எம்பொண்ணுக்கு."

"அப்ப தரமாட்டேன்னு சொல்லு."

ஃபேஹி புருஷனைப் பார்த்தாள்.

"அவன என்ன பாக்கறே? இங்க என் பேச்சுதானே செல்லும். சொல்லு."

"தரமாட்டேன்," என்றாள் ஃபேஹி பாதிக் குரலில். மீதிக் குரல் மாஃபியின் பக்கம் திரும்பியது. "என்னைக் கேக்காம எப்படி எடுத்துக்கச் சொல்லலாம் நீங்க? போன வருஷமும் இப்படித்தான்."

மாஃபி பன்றியைத் திருப்பிவிட எழுந்து போனான். லோசலினேவுக்குத் தன் நெஞ்சிலிருந்தே ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. ஃபேஹியின் பாயை அவளிடமே தள்ளிவிட்டு, "சீயுலா அண்ணிகிட்ட எம்பாயைத் திருப்பிக் கேக்கப் போறேன்," என்று எழுந்தாள்.

"நானும் வரேன் அண்ணி," என்று அவளோடு சீயுலா வீட்டுக்குக் கிளம்பினாள் ஃபேஹி.

சீயுலா வாசலிலேயே இருந்தாள்.

"எம்பாய் வேணும் அண்ணி," என்றாள் லோசலினே.

"அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டுதானே குடுத்தே?"

"அது சிரிப்பில்ல. கோபம்."

சீயுலாவும் ஒரு வீட்டுக்கு மருமகள்.

"எங்க மாமியார் வீட்டுல எனக்கும் அப்படித்தான் சிரிப்பு வரும்," என்று பாயை எடுக்க உள்ளே போனாள்.

திரும்பும் வழியெல்லாம் பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி ஃபேஹி மாஃபியைத் திட்டிக்கொண்டே வந்தாள். என் தம்பியையா என்று லோசலினேவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது.

"ம், அப்புறம்?" என்றாள்.