பட்டதாரி கக்கூஸ்

எங்கள் வீட்டுக் கக்கூஸுக்குத் தெரு வைத்த பெயர் அது. காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருஷம், லீவுக்கு வந்தபோது அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "இனிமே ரோட்டோரம் போய் உட்கார மாட்டேன். கக்கூஸ் கட்டு, அப்புறம் வர்றேன்." அதில் தப்பு எதுவும் இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அம்மா பெண்கள் குழுவில் கடன் வாங்கினாள். கடன் கொடுக்கிற கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பணம் முதலில் வரும். டைல்ஸ் ஒட்டி, கதவு போட்டு, வாசலில் நின்று சிரிக்கிற மாதிரி போட்டோ அனுப்பினால்தான் மீதி. குழியை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதனால் போட்டோவில் தெரிகிற இடத்துக்கே பணமெல்லாம் போனது. நீலக் கதவு, பூப்போட்ட டைல்ஸ். குழி மட்டும் குட்டையாக, ஒன்றே ஒன்று.

லீவில் வரும்போதெல்லாம் அம்மாவே வாளியில் தண்ணீர் பிடித்து உள்ளே வைப்பாள். எப்போதும் புதுச் சோப்பு இருக்கும். "நீயும் இதுலதானே போற?" என்று ஒருமுறை கேட்டேன். "பின்ன, அழகு பாக்கவா கட்டினேன்?" என்றாள். நம்பினேன்.

நேற்று அம்மாவை எடுத்தாச்சு.

எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டோரத்தில் விழுந்தபோது அம்மாவோடு இருந்தவள் அவள்தான்.

"வீட்டுல இவ்ளோ பெரிய கதவு போட்டு வச்சிருக்கு. விடியறதுக்குள்ள ரோட்டோரத்துல அவளுக்கு என்ன வேலை சித்தி?"

சித்தி மூக்கைச் சிந்தினாள். "தினம் போறதுதானே."

"தினமுமா?"

"குழி நெறஞ்சிடும்னு பயம்டி அவளுக்கு. சின்னக் குழி, பாத்துப் பொழங்குங்கன்னு கொத்தனார் சொல்லிட்டாரு. 'எம்பொண்ணு வர்றப்ப நெறஞ்சு நின்னா அவ திரும்பிப் போயிடுவா'ம்பா. உங்கப்பனையே உள்ள விட்டதில்ல. ஏன்க்கா, பட்டம் வாங்கினாத்தான் விடுவியான்னு நான்கூடக் கேட்டேன். 'முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு, அப்புறம் பாக்கலாம்'னா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே உடைந்து அழுதாள்.

அன்றைக்கு விடியுமுன் ஒரு லாரி வந்திருக்கிறது. வெளிச்சம் மேலே பட்டால் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித் தராமலே பழகிப்போன விஷயம் அது. அம்மாவும் அவசரமாக எழுந்திருக்கிறாள். சேலையை இறக்கிவிட்டபடி ஓரடி பின்னால் வைத்திருக்கிறாள். பின்னால் பாலத்துப் பள்ளம், கீழே கல். லாரிக்காரன் பார்த்திருக்கக்கூட மாட்டான். பார்க்கக் கூடாது என்றுதானே எழுந்தாள்.

துக்கம் கேட்கக் கொத்தனார் வந்தார். அவரை உட்காரவிடவில்லை. நேராகக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். "மூடியைத் திறங்க." கடப்பாரை போட்டு நெம்பினார். எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம். மேலே வரை காய்ந்த செங்கல் வரிசை, கட்டின அன்றைக்கு இருந்த மாதிரி.

"இது நெறைய எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு பேர் போனா நாலஞ்சு வருஷம் தாங்கும்மா. அப்புறம் அள்ளிக்கலாம்."

"எங்கம்மாகிட்ட வேற மாதிரி சொன்னீங்களே."

தலையைச் சொறிந்தார். "இன்னொரு குழிக்கும் வேலை குடுப்பாங்களேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

ஒரு பேச்சுக்கு! என் கையில் கடப்பாரை இல்லாதது அவருடைய நல்ல நேரம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா எழுந்து வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் கிளம்பினார்.

"எங்கப்பா போறீங்க?"

"இதோ, இப்படித்தான்."

"இதுல போங்க."

நீலக் கதவைப் பார்த்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. உனக்கு வேணும். உங்கம்மா திட்டுவா."

சொம்பைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். அவரையும் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். திறந்துகொண்டு போய்விடுவாரோ என்று கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி நின்றேன்.

உள்ளே அப்பா அழுகிற சத்தம் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.