மூன்று நிறம் போதுமா

முணுமுணுவுக்கு அந்தப் பேரை வைத்தது அவளுடைய அக்காதான். பல் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். விடை வந்தால் சிரிப்பாள். வராவிட்டால் எதிரில் இருப்பவரை முறைப்பாள். பாவம், அவர் எழுந்து இடம் கொடுத்துவிடுவார்.

முதுகலைக் கணிதம் முடித்தாயிற்று. அடுத்து முனைவர் பட்டத்துக்குப் போக ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. எப்படிப் போவது என்று கேட்கத்தான் ஆளில்லை. குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அக்கா பள்ளியோடு நின்று, பார்லர் வைத்து, தங்கையைப் படிக்கவைத்தவள்.

அப்போதுதான் சுருட்டை கிடைத்தாள். லாரி ஓட்டுநரின் மகள். ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். தலைமுடியைப் பார்த்தாலே பேருக்குக் காரணம் புரிந்துவிடும். தன்னைப் போலத் திக்குத் தெரியாமல் நிற்பவர்களுக்காக, சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் விண்ணப்ப உதவி செய்தாள். காலியாக இருந்தது குழந்தைகள் பகுதி மட்டும்தான். குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, முணுமுணு எழுதி வந்ததைச் சுருட்டை படித்தாள்.

"'எனக்குக் கணிதத்தில் ஓரளவு ஆர்வம் உண்டு. பிழை இருந்தால் பொறுத்தருளவும்.' ஏம்மா, இது விண்ணப்பமா, மன்னிப்புக் கடிதமா?"

"பெருமையடிச்ச மாதிரி ஆயிடக் கூடாதுல்ல?"

"பரிந்துரைக் கடிதம் யார்கிட்ட கேட்ட?"

"கேக்கல. சார் பாவம், ரொம்ப பிஸி."

சுருட்டை தலையில் கைவைத்துக்கொண்டாள். "அது அவர் வேலைப்பா. உதவின்னு நினைச்சுக் கூசாத. சில வீட்டுல இதெல்லாம் சோறு திங்கும்போதே காதுல விழுந்துடும். நமக்கு யாரும் சொல்றதில்ல. அதான் கத்திக்கிட்டிருக்கேன்."

கத்தித்தான் விட்டாள். நூலகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என்ன சொல்லியும் முணுமுணுவின் வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல சொல் உதிரவில்லை. மறுநாள் சுருட்டை நேரே பார்லருக்கே வந்துவிட்டாள். அக்கா ஒரு வாடிக்கையாளரின் தலையில் கத்தரியோடு நின்றாள்.

"அக்கா, உங்க தங்கச்சியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

மடை திறந்துவிட்டது. "பாடப் புத்தகத்துலயே தப்பு கண்டுபிடிச்சவ இவ! எழுதினவருக்கே மெயில் போட்டா. அவரு நன்றி சொல்லி, திருத்திடறேன்னு பதில் போட்டாரு. இவளா சொன்னா? கம்ப்யூட்டரை மூடாம குளிக்கப் போயிட்டா, நான் பாத்தேன்!"

"அக்கா, என் காது பத்திரம்," என்றார் வாடிக்கையாளர்.

சுருட்டை திரும்பினாள். "இதை ஏன் எழுதல?"

"அது... பெருமை."

"பெருமை இல்லடி. நடந்தது."

அக்கா சொன்னதில் பாதியை வெட்டி, மீதியில் பாதியை நம்பி, இருவரும் புதிதாக எழுதினார்கள். பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க முணுமுணு மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். "நீ எப்ப கேப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் அவர். வெளியே வந்துதான் அவளுக்கு மூச்சு வந்தது.

விண்ணப்பங்கள் போயின. ஒரு பல்கலைக்கழகம் வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. பார்லரில்தான் இணையம் ஒழுங்காக வரும் என்பதால் அங்கேயே உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேராசிரியர்கள். கோடுகளால் இணைத்த புள்ளிகளுக்கு, பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறமாகாமல் வண்ணம் கொடுப்பதைப் பற்றித்தான் அவள் ஆய்வு செய்ய ஆசைப்பட்டாள். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்:

"எந்த நாலு புள்ளியை எடுத்தாலும், அதுல ஏதாவது ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு இருக்காது. அப்படிப்பட்ட படத்துக்கு மூணு நிறம் போதுமா?"

"போதும்," என்றாள் சட்டென்று. சொன்ன வாய் மூடுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

"வரைஞ்சு காட்டுறீங்களா?"

பலகை ஏது? அக்கா சத்தம் போடாமல் இரண்டு லிப்ஸ்டிக்கை நீட்டினாள். முணுமுணு கேமராவைப் பெரிய கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஐந்து புள்ளிகளை வட்டமாக வைத்து இணைத்தாள். சிவப்பு, ரோஸ், சிவப்பு, ரோஸ். கடைசிப் புள்ளிக்கு இரண்டும் ஆகவில்லை. கையை நீட்டினாள், பழுப்பு வந்தது. பிறகு நடுவில் ஒரு புள்ளி வைத்து ஐந்தோடும் இணைத்தாள். அதற்கு எந்த நிறம்? உதடு முணுமுணுத்தது. திரையில் இருந்த அம்மையாரை முறைத்தாள். அவர் நாற்காலியில் சற்றுப் பின்வாங்கினார்.

பிறகு சிரித்தாள்.

"நான் சொன்னது தப்பு. இதுல எந்த நாலு புள்ளியும் ஒண்ணுக்கொண்ணு முழுசா இணையல. ஆனாலும் மூணு நிறம் பத்தாது. அக்கா, இன்னொண்ணு!"

"ஊதா இருக்கு, தரவா?" என்று அக்கா கேட்டது திரைக்கும் கேட்டுவிட்டது. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தப்பு என்று தானே சொன்னதற்காகத் தன் கதை முடிந்தது என்றுதான் முணுமுணு அன்று முழுக்க நினைத்தாள்.

இரண்டு இடங்கள் கைவிரித்தன. ஒன்று மூச்சே விடவில்லை. லிப்ஸ்டிக் பார்த்த இடம் மட்டும், உதவித்தொகையோடு வரச் சொல்லிப் பதில் போட்டது. தவறை உடனே பிடித்துத் திருத்தியது பிடித்திருந்ததாம். அக்கா கடைக்கு வந்த எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், செய்தியைச் சொன்னாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தனை வருஷம்டி ஆகும்?"

"அஞ்சோ ஆறோ ஆகும்க்கா."

"அஞ்சா, ஆறா? கணக்குப் படிக்கிறவளுக்கே தெரியலையா?"

செய்தி கேட்டு வந்திருந்த சுருட்டை சிரித்தாள். "அந்தக் கணக்கு மட்டும் எங்க யாருக்குமே வராதுக்கா."