அறுபது பேருக்குக் கஞ்சி

பாபநாசம் மலையடிவாரத்தில் நடந்த பதினோரு நாள் வாத-பித்த-கபச் சமநிலை முகாமிலிருந்து குற்றாலலிங்கம் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பியபோது, ஒரு மரக்கரண்டியும், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் உணவு அட்டவணையும், அதுவரை தாம் தின்ற எல்லாவற்றின் மீதும் ஒரு வெறுப்பும் கொண்டுவந்தார். கரண்டியும் அட்டவணையும் அசல். வெறுப்பு மட்டும் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியது.

வாசலில் வைத்தே மனைவி பார்வதியம்மாள் கேட்டாள். "என்னங்க, இப்படி வத்திப் போயிட்டீங்க?"

"வத்தலை. பித்தம் இறங்கியிருக்கு."

"அங்கன என்னதான் போட்டாங்க?"

"பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவச்சு, கொஞ்சம் சீரகம், ஒரு சொட்டு நெய். மூவாயிரம் வருச ரகசியம்ளா."

"நம்ம சித்ராவுக்குக் காய்ச்சல் வந்தா நான் வச்சுக் கொடுப்பேனே, அதுவா?"

"அது கஞ்சி. இது வேற."

"என்ன வேற?"

"இதைக் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடணும்."

முப்பத்து மூன்று வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து, தினமும் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜியும் தேநீரும் முடித்து, நெஞ்செரிச்சலோடு ஓய்வு பெற்றவர் அவர். முகாமில் எரிச்சல் குறைந்தது உண்மைதான். பதினோரு நாள் பஜ்ஜி இல்லாமல் இருந்தால் யாருக்கும் குறையும். ஆனால் அப்படிச் சொன்னால் முகாம் எதற்கு, அட்டவணை எதற்கு?

அட்டவணை சமையலறைச் சுவரில் ஏறியது. புளி இறங்கியது. வத்தல் மிளகாய் பரணுக்குப் போனது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பால்காரருக்குக் கபம். மின்கணக்கு எடுக்க வந்த பெண்ணுக்கு வாதம். அந்தப் பெண் அடுத்த மாதம் வாசலோடு கணக்கை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் அவர் உடம்பு, அவர் நாக்கு என்று பார்வதியம்மாள் பொறுத்துக்கொண்டாள். மகள் சித்ரலேகாவின் கல்யாணம் இருபது நாளில். அந்த வேலையே தலைக்கு மேல் கிடந்தது. கல்யாணச் சமையலுக்குப் பேசியிருந்த தவசிப்பிள்ளை காந்திமதிநாதன், மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சாமான் பட்டியல் எழுத வந்த அன்றுதான் பொறுமை போனது.

"எழுதிக்கிடும்," என்றார் குற்றாலலிங்கம். "பாசிப்பருப்பு எட்டுக் கிலோ. பச்சரிசி. சீரகம். நெய் ஒரு படி."

"சரி அண்ணாச்சி. தேங்கா எத்தனை?"

"தேங்கா எதுக்கு?"

காந்திமதிநாதன் பேனாவை மூடினார். "சொதிக்கு அண்ணாச்சி."

"சொதி கிடையாது. கனம். தேங்காப்பால் வயித்துல போயிக் கல்லாட்டம் உக்காந்துக்கிடும். அறுபது பேருக்கும் கஞ்சி."

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இது மறுவீடா, ஆஸ்பத்திரியா?"

"ஏன், மறுவீட்டுக்கு வாரவனுக்கு வயிறு கிடையாதா?"

திருநெல்வேலிச் சைவர்கள் வீட்டில், தாலி கட்டிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டுக்கு அழைத்துச் சொதி போட வேண்டும். காய்கறியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலில் கூடி வரும் குழம்பு அது. கல்யாணத்தில் மேளம் சரியில்லை என்றால் மறந்துவிடுவார்கள். மண்டபத்தில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். மறுவீட்டில் சொதி இல்லை என்றால், பெண்ணுக்குப் பேரன் பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

சொல்லிக் காட்டுவதற்கென்றே மாப்பிள்ளை வீட்டில் ஓர் ஆள் உண்டு. மாப்பிள்ளை சுந்தருடைய அத்தை ஆவுடையம்மாள். சொந்தத்தில் ஒரு வீட்டில் சொதிக்கு உருளைக்கிழங்கு வறுவல் வைக்கவில்லை என்று பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள்.

அன்று சாயங்காலம் சித்ரலேகா தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, வறுவலுக்கே பதினெட்டு வருசம். கஞ்சிக்கு எத்தனை வருசம்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. நான் அந்த வீட்டுலதான் போயி இருக்கணும்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். என் நாக்கைப் பாத்துட்டு, உனக்கும் பித்தம்தான், அதான் கோவப்படுதன்னு சொல்லுதாரு."

பார்வதியம்மாள் மறுநாளே பஜாருக்குப் போனாள். அங்கே நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் அகமது மீரான், குற்றாலலிங்கத்தோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். கடையும் வீடும் ஒன்றே. அந்த வீட்டுப் பின்சுவரும் இவர்கள் வீட்டுப் பின்சுவரும் ஒன்றே.

"மீரான் அண்ணாச்சி, உங்க கூட்டாளிக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

"நான் சொல்லாம இருப்பேனா தங்கச்சி? 'ஏலே, தேங்காப்பால் மந்தம்னு உனக்கு முகாம்ல போயித்தான் தெரியணுமா? அது தெரிஞ்சுதானலே சொதிக்குப் பக்கத்துல இஞ்சிப் பச்சடியை வச்சிருக்கு? கடைசியில எலுமிச்சம்பழம் பிழியுதது வேடிக்கைக்கா? ஒண்ணு கனம்னா ஒண்ணு அதைக் கரைக்கும், உங்க இலையிலேயே வைத்தியம் இருக்கே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அட்டவணையில இஞ்சிப் பச்சடின்னு ஒரு வரி இல்லைன்னு சொல்லுதான். அட்டவணை எழுதுனவன் நம்ம பக்கத்துப் பந்தியில ஒரு நாளாவது உக்காந்திருக்கணும்லா."

பார்வதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீரான் அவள் கேட்ட சுக்கைப் பொட்டலம் கட்டினார். கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"எங்க பின்கட்டு சும்மாதான கிடக்கு. தவசிப்பிள்ளையை அவரு பாத்திரத்தோட, அவரு ஆளோட வரச் சொல்லுங்க. இடம் மட்டும் எங்களுது, மத்தது எல்லாம் உங்க ஆசாரப்படி. பந்தி போடுத நேரத்துக்குப் பின்வாசல் வழியா அண்டா வந்து சேந்திரும். இன்ஷா அல்லா, அவனுக்குத் தெரியுதப்போ இலையில ஊத்தியாச்சு."

"தெரிஞ்சா சண்டை போடுவாரே."

"சம்மந்தக்காரங்க முன்னால சண்டை போடுத அளவுக்குப் பித்தம் இன்னும் ஏறலை."

கல்யாணம் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் குறைவில்லாமல் நடந்தது. முதல் நாள் மாலை விருந்து, முகூர்த்தச் சாப்பாடு, அன்று இரவு வரவேற்பு விருந்து என்று மூன்று வேளையும் குற்றாலலிங்கம் தூக்குச்சட்டியில் தம் கஞ்சியைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக் குடித்தார். பக்கத்து இலையில் அக்காரவடிசல் விழும்போது மட்டும் ஒரு கண் திறந்ததாகப் பந்தி பரிமாறியவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை கல்லிடைக்குறிச்சி வீட்டு முற்றத்தில், அறுபது பேருக்கான கஞ்சி அண்டாவில் கொதித்தது. குற்றாலலிங்கமே நின்று கிண்டினார். மரக்கரண்டி சிறியது, அண்டா பெரியது. எட்டரை மணிக்குப் பின்சுவரைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. நெய்யில் வதங்கும் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், அதற்கு மேல் முதல் தேங்காய்ப்பால்.

"ஏளா, என்ன வாசனை அது?"

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் பார்வதியம்மாள். "உங்களுக்குப் பித்தம் மூக்குக்கு ஏறியிருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் கிண்டினார். பிறகு, "சீரகம் கொஞ்சம் குறையுது, மீரான் கடைக்குப் போயிட்டு வாரேன்," என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். ஒரு கிலோ சீரகம் கண் முன்னால் இருந்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. ஆள் வரவில்லை. பார்வதியம்மாள் பதறிப்போய்ப் பின்வாசல் வழியாக மீரான் வீட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். சண்டை நடக்கும் என்று நினைத்துப் போனவளுக்குச் சத்தமே கேட்கவில்லை. சொதி அண்டாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் குற்றாலலிங்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம். பக்கத்தில் மீரானும் காந்திமதிநாதனும் கை கட்டி நின்றார்கள்.

"என்னங்க இது?"

அவர் விழுங்கினார். "பரிசோதனை."

"எத்தனாவது பரிசோதனை?" என்றார் மீரான்.

"நாலாவது," என்றார் காந்திமதிநாதன். "மொத ரெண்டுல உப்புப் பாத்தாரு. மூணாவதுல முருங்கைக்காய் வெந்திருக்கான்னு பாத்தாரு. இதுல என்ன பாக்காருன்னு இன்னும் சொல்லலை."

"வே, உமக்குப் பித்தம்லா வே?" என்றார் மீரான்.

"அதான் பாக்கேன், பித்தம் என்ன செய்யுதுன்னு. எதையும் தெரிஞ்சுக்கிடாம வேண்டாம்னு சொல்லக் கூடாதுலா?" கிண்ணத்தை வழித்துவிட்டு எழுந்தார். "எனக்குத் தெரியாம அடுப்பு மூட்டுனது தப்பு. பெரிய தப்பு. ஆனா ஆக்கியாச்சு. கீழ ஊத்த முடியாது. வாத உடம்புக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சமாப் போடலாம். மத்தவங்களுக்குக் கஞ்சி. யாரு என்ன உடம்புன்னு வாசல்ல நின்னு நான் பாத்துச் சொல்லுதேன்."

பார்வதியம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வாசலில் மாட்டிக்கொண்டது. ஆவுடையம்மாளை நாக்கை நீட்டச் சொன்னால் என்ன ஆகும்?

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்தன. முதலில் இறங்கியவள் ஆவுடையம்மாள்தான். பன்னீர் தெளிக்கும் முன்பே குற்றாலலிங்கம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்கீங்க?" என்றாள்.

குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார். ஆவுடையம்மாளின் முதுகுக்குப் பின்னால், அதே வண்டியிலிருந்து இறங்கிய சித்ரலேகா புதுத் தாலியோடு நின்று தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லை. வாத உடம்பு. உள்ள போங்க, சொதி இருக்கு."

அன்று வந்த அறுபது பேரும் வாத உடம்பாகவே அமைந்தார்கள். வைத்திய வரலாற்றில் இப்படி ஒரு சம்பந்தம் வாய்த்திருக்காது. கூட்டத்தோடு வந்த மீரானும் குனிந்து நாக்கை நீட்டினார். "போலே," என்று உள்ளே தள்ளிவிட்டார் குற்றாலலிங்கம்.

இலை போட்டாயிற்று. வறுவல் வைத்தாயிற்று, இரண்டு கை கூடுதலாக. இஞ்சிப் பச்சடி விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் பாலசுப்பிரமணியன் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு கை வயிற்றில் இருந்தது. பார்வதியம்மாள் கூப்பிடப் போனபோது அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மைனி, தப்பா நெனைக்காதீங்க. மூணு வேளையா விருந்து. காலையில இருந்து நெஞ்சு வரைக்கும் நிக்குது. இப்போ சொதி இறங்காது. சாப்பிடாம எந்திரிச்சா அக்கா குதிப்பா. சாப்பிட்டா நான் ஆஸ்பத்திரியில கிடப்பேன். வீட்டுல கஞ்சி மாதிரி ஏதாவது..."

பார்வதியம்மாள் முற்றத்து அண்டாவைப் பார்த்தாள். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"கஞ்சிதானே அண்ணாச்சி? இருக்கும்," என்றாள். "கொஞ்சம்போல இருக்கும்."

இளஞ்சூட்டில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரத்தில் இஞ்சிப் பச்சடியில் ஒரு சொட்டு. பாலசுப்பிரமணியன் நாலு வாய் குடித்தார். ஏப்பம் வந்தது. முகம் தெளிந்தது.

"சம்மந்தி!" என்றார் சத்தமாக. "என்ன கஞ்சி இது? நெஞ்சுல இருந்த பாரத்தை எடுத்துக் கீழ வச்ச மாதிரி இருக்கே!"

குற்றாலலிங்கத்தின் முகம் அட்டவணையைவிடப் பளபளத்தது. "மூவாயிரம் வருச ரகசியம் சம்மந்தி. பாசிப்பருப்பும்..."

"அப்புறமாக் கேக்கேன். வாங்க, உக்காருங்க. மறுவீட்டுல சம்மந்திமாரு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒண்ணாச் சாப்பிடணும்லா. நான் மட்டும் தனியாக் கஞ்சி குடிச்சா எங்கக்கா என்னை உரிச்சிருவா. உங்களுக்குத்தான் இது பழக்கமாச்சே. ரெண்டு பேரும் இதையே குடிப்போம்."

குற்றாலலிங்கம் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறெங்கோ பார்த்தாள். அவர் போய் உட்கார்ந்தார்.

இலையின் நடுவில் கிண்ணம் வந்தது. இந்தப் பக்கம் மீரான், எதிரே சுந்தர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சொதி. முருங்கைக்காயைச் சப்பும் சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்டது. குற்றாலலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். முகாமில் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு பாடம் அன்றைக்குத்தான் உண்மையிலேயே உதவியது.

ஆவுடையம்மாள் மூன்றாவது தரம் சொதி வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். பந்தியே கை நிறுத்திக் காத்திருந்தது.

"தம்பிக்கு வயிறு சரியில்லைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? பொண்ணு வீட்டுக்காரரு வந்தவங்களுக்கெல்லாம் சொதி ஊத்திட்டு, தான் சம்மந்தியோட சேந்து கஞ்சி குடிக்காரே, இந்த மனசு யாருக்கு வரும்? ஏட்டி சித்ரா, நல்ல வீட்டுப் பிள்ளை நீ. வறுவலும் நல்லா இருக்கு."

சித்ரலேகா தலை குனிந்து சிரித்தாள். பார்வதியம்மாள் கரண்டியோடு வந்தாள்.

"என்னங்க, இன்னும் ரெண்டு கரண்டி?"

"போதும்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"ஊத்துங்க மைனி, நல்லா ஊத்துங்க," என்றார் பாலசுப்பிரமணியன். அவள் ஊற்றினாள்.

நாலு மணிக்கு வண்டிகள் கிளம்பின. கடைசி வண்டி தெரு திரும்பியதும் குற்றாலலிங்கம் பைய முற்றத்துக்கு வந்தார்.

"ஏளா, சொதி மிச்சம் இருக்கா?"

"மீரான் அண்ணாச்சி வீட்டுக்குக் கொடுத்தாச்சு. அடுப்புக்கு இடம் கொடுத்தவங்கள்லா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." அவள் அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினாள். "ஐம்பத்தெட்டுப் பேர் கஞ்சி அப்படியே இருக்கு. உக்காந்து கண்ணை மூடுங்க."