ஸ்கோப்பின் மேல் ஒரு கீறல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தேவேந்திரன் குடியிருந்த மாடிவீட்டுக்குப் பத்தொன்பது படிகள். பட்டப்பகலில், கீழ்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏழாவது எட்டாவது படியில் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். "அக்கிரின்." மெதுவாக என்று அர்த்தம். கிர்கிஸ்தான் மலைகளில் பக்கித் அவனிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான். பக்கித் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தேவேந்திரன் அந்த நாட்டுக்குப் போனது சமையல் வேலைக்கு. டாக்டருக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் ஹாஸ்டல் மெஸ்ஸில் மூன்று வருடம் சாம்பார் வைத்தான். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் ஒரு வேட்டை முகாமில் சேர்ந்தான். அங்கே அது அரசாங்க அனுமதியோடு நடக்கும் தொழில். வளைந்த பெரிய கொம்புள்ள மலையாட்டைச் சுட ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். பக்கித் வழிகாட்டி. தேவேந்திரன் சமைப்பான், மூட்டைக்குதிரையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுவான்.

ஐந்து பருவம் ஏறியதில் காஞ்சிபுரத்துக்காரன் ஒருவனுக்குத் தேவையே இல்லாத பல விஷயங்கள் அவனுக்குப் பழகிப்போயின. ஏறும்போது வேர்க்கக் கூடாது. வேர்த்தால் உட்காரும்போது உடம்பு விறைத்துவிடும், அதனால் கிளம்பும்போதே ஒரு சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவன் இரண்டாம் நாள் நொண்டுவான். காலையில் காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் திரும்பி மேலே போகும்; ஆடு மோப்பம் பிடிப்பது அந்த நேரத்தில்தான். சுடுகிறவன் மூச்சு அடங்கும்வரை பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. துப்பாக்கி எங்கேயாவது இடித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். குறிபார்க்கும் ஸ்கோப் மயிரிழை நகர்ந்தாலும் தோட்டா வேறு இடத்துக்குப் போகும். அப்படி இடித்துவிட்டால் கீழே இறங்கி, நூறு மீட்டரில் குறிக்காகக் காகிதம் கட்டி, மூன்று தோட்டா சுட்டுப் பார்க்காமல் மறுபடி ஏறக் கூடாது.

பக்கித் இறந்த வருடம் வந்த வெளிநாட்டுக்காரருடைய துப்பாக்கி விமானத்தில் எங்கேயோ தங்கிவிட்டது. பக்கித் தன்னுடையதைக் கொடுத்தான். கிளம்புகிற அன்று காலை அவன் மூன்று தோட்டா சுட்டதை தேவேந்திரன் பக்கத்தில் நின்று பார்த்தான். காகிதத்தின் நடுவில் மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் கணவாயில் மூட்டைக்குதிரை சறுக்கியது. சேணத்தின் வயிற்று வாரை அன்று காலை இறுக்கிக் கட்டாதது தேவேந்திரன்தான். சேணம் புரண்டு, அதில் கட்டியிருந்த தோலுறையிலிருந்த துப்பாக்கி பாறையில் மோதியது. முன்னால் போன இருவரும் திருப்பத்தில் மறைந்திருந்தார்கள். அவன் உறையைத் திறந்து பார்த்தான். ஸ்கோப்பின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீழே இறங்க நான்கு மணி நேரம், திரும்ப ஏற ஆறு மணி நேரம். அவன் கையில் எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்த்துவிட்டு, வாரை இறுக்கிக் கட்டினான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருநூற்று எண்பது மீட்டரில் கிழட்டு ஆடு ஒன்று பக்கவாட்டில் நின்றது. வெளிநாட்டுக்காரர் அவசரப்படவில்லை, சரியாகத்தான் சுட்டார். தோட்டா வயிற்றின் பின்பக்கத்தில் தாழப் பட்டது. ஆடு காலை இழுத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய்ப் படுத்தது. காயம் பட்ட உயிரை அப்படியே விட்டுவிட்டு வரும் பழக்கம் பக்கித்துக்குக் கிடையாது. சரளைக்கல் சரிவில் தனியாக இறங்கினான். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை.

பக்கித்தின் அடக்கத்தில் தேவேந்திரனும் மூன்று கை மண் போட்டான். அடுத்த வாரம் ஊருக்கு வந்துவிட்டான். பக்கித் பனியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று மனைவி புவனேஸ்வரியிடம் சொன்னான்.

இப்போது கல்யாண மண்டபங்களில் சமையல். ஆனால் கண் மட்டும் அந்த மலையிலேயே நின்றுவிட்டது. காலையில் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிப் போட்டிருந்தால் அதன் நீளத்தை மீட்டரில் அளக்கும். ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிந்தால் எந்த நிலையில் ஆடு படுக்கும் என்று தேடும். ஒருமுறை சன்னதித் தெருவில், கூட்டத்துக்கு நடுவே, கம்பளித் தொப்பியோடு ஒரு முதுகு போயிற்று. அவன் சமையல் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் பின்னாலேயே குளக்கரைவரை நடந்தான். அங்கே யாரும் இல்லை. படிக்கட்டில் மட்டும் சரளைக்கல் இரண்டு மூன்று கிடந்தன. காஞ்சிபுரத்தில் அந்த மாதிரி கல் கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது. தொட்டுப் பார்க்கப் பயந்து திரும்பினான்.

ஆகஸ்ட் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, பக்கித்தின் மகள் ஆய்சுலுவிடமிருந்து வாட்ஸப்பில் கிர்கிஸ் மொழியில் குரல்செய்தி வந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவனைப் பைக்கே என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் மாதிரி.

"பைக்கே, எனக்கு வழிகாட்டி உரிமம் கிடைச்சாச்சு. அப்பா துப்பாக்கியைத்தான் எடுத்துக்கப்போறேன். ரெண்டு வருஷமா சுவத்துலயே தொங்குது, யாரும் சுடல. ஞாயித்துக்கிழமை சுட்டுப் பார்ப்பேன். முகாம்ல எல்லாரும் அப்பா அன்னிக்கு அதைச் சரிபார்க்காமலே கொண்டு போயிட்டார்னு சொல்றாங்க. நீங்க கூட இருந்தீங்க. சரிபார்த்தாரா?"

அவன் பதில் போடவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். படியில் அந்தக் குரல் இப்போது ஒவ்வொரு படிக்கும் வந்தது.

"இன்னாங்க, ரெண்டு நாளா போனையே பாத்துக்கினு இருக்கீங்க," என்றாள் புவனேஸ்வரி. "யார்னா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லமா."

"ஒண்ணும் இல்லாததுக்கா அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு இருக்கீங்க?"

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆய்சுலுவே வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் மஞ்சள் பூத்த புல்வெளி, ஒரு மரப்பலகை. அவள் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். மூன்று ஓட்டைகளும் ஒன்றாக இருந்தன. ஆனால் நடுப்புள்ளிக்கு நான்கு விரற்கடை கீழே, வலது பக்கத்தில்.

"அவங்க சொன்னது உண்மைதான் போல," என்றாள். அவள் அழவில்லை. காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் அவன் பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க வேறு ஆள் இல்லை, கீறலைப் பார்த்த கண்ணும் வேறு இல்லை.

"மடிக்காதே," என்றான் தேவேந்திரன். "அவர் சரிபார்த்தார். நான் பார்த்தேன், மூணும் நடுவுலதான் விழுந்துச்சு. துப்பாக்கி என் பொறுப்புல இருந்தப்போதான் பாறையில இடிச்சுது."

உடைந்த கிர்கிஸில், வார்த்தை கிடைக்காத இடங்களில் ரஷ்ய மொழியைக் கலந்து, எல்லாவற்றையும் சொன்னான். வாரை இறுக்காதது, குதிரை சறுக்கியது, எச்சில் தொட்டுத் தேய்த்தது. நடுவில் ஒருதரம் அவள் துப்பாக்கியை எடுத்து, ஸ்கோப்பை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனை யாரிடமோ நீட்டினாள். பக்கித்தின் மனைவியின் முகம் திரையில் வந்தது. இரண்டு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தாள்.

"அவர் போனப்புறம் எங்க வீட்டுல ஒன்பது நாள் இருந்தே," என்றாள் அவள். "என் கையால ரொட்டி வாங்கித் தின்னே. அப்போ ஏன் சொல்லல?"

பயம் என்று சொல்ல வாயெடுத்தான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது.

போன் மறுபடி மகளிடம் போயிற்று. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "பதிவு பண்ணிக்கிறேன். மெதுவா. உங்க பேரை முதல்ல சொல்லுங்க."

அவன் பெயரைச் சொல்லித் தொடங்கினான். கீறலைப் பார்த்த இடத்தை மட்டும் அவள் இரண்டு தடவை சொல்லவைத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஆய்சுலுவிடமிருந்து ஒற்றை வரி வந்தது. அந்தப் பதிவை முகாமிலும் ஊர்க் கூட்டத்திலும் போட்டுக் காட்டிவிட்டாளாம், எல்லாரும் கேட்டார்களாம். அவன் பதில் எழுதி அனுப்பியபோது அது போய்ச் சேரவில்லை. அவள் அவன் எண்ணைத் தடுத்திருந்தாள்; படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம்தான் இருந்தது.

புவனேஸ்வரி அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். அன்று வீடியோவில் அவன் பேசிய மொழி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் பேசும்போது அவன் முகம் மாறிய விதத்தைப் பார்த்திருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்கு இன்னா சொன்னீங்க?"

"உன்கிட்ட சொன்னது பொய்மா. பனியில வழுக்கல," என்றான். பிறகு அதை முதல் தடவையாகத் தமிழில் சொன்னான். சொல்லி முடித்தபோது கீழ்வீட்டில் தறி நின்றிருந்தது. அவள் எழுந்து போகவில்லை. அவன் கையைத் தொடவும் இல்லை.