பதினோரு நாள்

வேர்க்கடலை உடைக்கும் மணிலாக் கிடங்கில் ரத்தினம்மாளின் முறம் அன்று சொன்னபடி கேட்கவில்லை. தோல் பறக்க வேண்டிய இடத்தில் பருப்பு சிந்தியது. பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பு மூட்டி ஓடும் திண்டிவனம் பஸ்ஸின் இரைச்சல் வருகிறதா என்று காதைத் தெருவிலேயே வைத்திருந்தாள். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவன் அவள் புருஷன் தனகோட்டி. இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் பிரயாணியாக அவளோடு திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தான். அதற்கே ஒரு மாதம் பிடித்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம். நாலு வருஷம் அவன் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டினான். சண்டை முடிந்து திரும்பியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் பவுனம்மாள் அரைத்துக் கொடுத்த கஷாயங்களைக் குடித்துக் குடித்து ரத்தினம்மாளுக்குச் சோற்றின் ருசியே மறந்துபோயிருந்தது. போன மாதம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன்னைக் காட்டினாள். "உன்கிட்ட கோளாறு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

அன்று தனகோட்டி கொடுத்த சாம்பிளை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"உயிரணு ரொம்பக் குறைச்சலா இருக்கு தனகோட்டி. இருக்கறதுக்கும் ஓட்டமில்ல. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டு?"

"ரெண்டு பாக்கெட்டு. சமயத்துல மூணும் ஆவும்."

"எங்க பழகின?"

"பட்டாளத்துலதாம்மா. வாராவாரம் ரேஷனோட அதையும் குடுப்பாங்க. தூங்காம வண்டி ஓட்டணுமில்ல."

"அது ஒண்ணுதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா கெடுதல் பண்ணுதுன்னு நினைக்கிறேன். ஆறு மாசம் சுத்தமா விட்டுட்டு வா, திரும்பப் பாக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. செஞ்சி மலை தெரிய ஆரம்பித்ததும் மெதுவாகச் சொன்னான்: "ஊட்ல இத்த சொல்லிடாத."

"நா எதுக்குச் சொல்றேன். நீ வுட்டாப் போதும் மாமா."

விட்டான். அவன் சட்டைப் பையில் அவள் தினமும் வறுத்த மணிலாப் பருப்பும் வெல்லமும் போட்டு அனுப்பினாள். அவன் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். கை நடுங்குகிறது, கியர் விழமாட்டேன் என்கிறது என்றான். ஒன்றுமில்லாததற்குக் கண்டக்டரோடு சண்டை போட்டான். ரத்தினம்மாள் கிடங்கில் புடைத்தபடி நாளை எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாம் நாள் நடுவழியில் கரி அடுப்பு அணைந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. பஸ் முதலாளி அத்தனை ஜனங்கள் முன்னால் தனகோட்டியை வாய்க்கு வந்தபடி பேசினார். சாயங்காலம் அவன் வாசலில் கால் வைக்கும்போதே சட்டையில் சிகரெட் வாசனை வந்தது.

"குண்டு வுழும்போதுகூட என் கை இப்டி நடுங்கல" என்றான் அவனாகவே.

"போவட்டும். நாளைக்கு மறுபடி ஆரம்பி மாமா."

சரி என்று தலையாட்டினான். ஆரம்பிக்கவில்லை.

தை பிறந்ததும் பவுனம்மாள் அனந்தபுரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தாள். மீனம்பாள் என்று பெயர், பதினேழு வயது. புருஷன் வாயைத் திறப்பான் என்று ரத்தினம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பஸ் நிலையத்துக்கே போய் அவனைத் தனியே நிறுத்தினாள்.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

"இன்னான்னு சொல்றது? நாலு பேரு மொகத்துல முழிக்க வாணாமா?"

"அந்தப் பொண்ணுக்கும் கொழந்த இல்லன்னா?"

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பெண்ணின் தகப்பன் ஆதிமூலம் விவரமானவர். பின்னால் மூத்தவள் வம்பு பண்ணக்கூடாது, எழுத்து வேண்டும் என்றார். ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்: "எனக்குப் பிள்ளை பெறும் தகுதி இல்லாத காரணத்தால், என் புருஷன் மறுவிவாகம் செய்துகொள்ள மனப்பூர்வமாகச் சம்மதித்து, ஆயுள்வரை மேற்படி வீட்டில் இருக்க இடமும் இரண்டு வேளைச் சோறும் பெற்றுக்கொண்டு..."

"அய்யா, தகுதி இல்லன்னு எழுதாதீங்க" என்றாள் ரத்தினம்மாள். "டாக்டரம்மா அப்டிச் சொல்லல."

"இன்னாடி சொன்னா டாக்டரம்மா?" என்றாள் பவுனம்மாள்.

எல்லாரும் தனகோட்டியைப் பார்த்தார்கள்.

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும்யா" என்றான்.

ரத்தினம்மாளுக்கு அப்பனும் ஆத்தாளும் காலராவில் போய்ப் பல வருஷமாயிற்று. திரும்பிப் போக ஒரு கதவில்லை. எழுதுகிறவர் அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினார். ரேகை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார்.

"கைய சேலையில தொடைக்காதம்மா, கறை போவாது. அதோ, செவுத்துல தேய்ச்சிக்க."

கொட்டகைச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கருப்புக் கருப்பாக விரல் தீற்றல்கள் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக் கிடந்தன. ரத்தினம்மாள் விரலை நீட்டிக்கொண்டு, வெள்ளையாக ஓர் இடம் கிடைக்குமா என்று தேடினாள்.