இரண்டாம் வரிசை

என் கணவன் நார்முக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அந்த மனிதன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் வாகன நிறுத்துமிடத்தில் முட்டி போட்டுக்கொண்டு, மறுநாள் கார் கண்காட்சிக்காக, காரின் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வரிசை என்று சாக்பீஸால் எண் எழுதிக்கொண்டு போனான். ஒன்று எழுதினான். அடுத்ததாக மூன்று எழுதினான். இத்தனை வருஷமும் மற்றவர்களிடம் பேசும்போது ‘அவர்’ என்றுதான் சொல்லிவந்தேன். இனி அவன்தான்.

"ரெண்டு எங்க நார்ம்?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கு வண்டி ஏது?"

"என் வண்டி என்ன, தள்ளுவண்டியா?"

"ஆரம்பிச்சிட்டியா ஃபில்? உன் வண்டிய சாசேஜ் கடைக்குப் பின்னால போட்டுக்க. அங்க நல்ல நிழல் இருக்கு."

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பட்ச் வயிறு குலுங்கச் சிரித்தான். எங்கள் ஊர் மஸ்டாங் கார் சங்கத்துக்கு நார்ம் தலைவர், பட்ச் பொருளாளர். "மட்டக்குதிரைக்கு லாயம் பின்னாடிதான ஃபிலிஸ்?" என்றான்.

"எல்லாமே மட்டக்குதிரைதான்டா. இந்த ரகக் காருக்கு ஊர் வச்ச பேரே ‘போனி கார்’, மட்டக்குதிரைன்னுதான். உன் வண்டி மட்டும் என்ன, பட்டத்து யானையா?"

அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி நார்முக்கு நேற்றைய சூப்பைக்கூடச் சூடு பண்ணிக் கொடுக்கவில்லை.

மஸ்டாங் என்பது காட்டுக்குதிரையின் பெயர் வைத்த, இரண்டு கதவுள்ள கார். முன்னால் மூக்கு நீளம், பின்னால் வால் குட்டை, பின் இருக்கை பெயருக்கு. வேகமாகப் போகிறதோ இல்லையோ, போவது போலத் தெரிய வேண்டும். அறுபதுகளில் அது வந்தபோது டாக்டரும் வாங்கினார், முடி வெட்டுகிறவரும் வாங்கினார். எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதை உருவம் மாற்றி விடுவார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் இரண்டாம் தலைமுறை பிறந்தது. சின்ன உடம்பு, சின்ன எஞ்சின், குடிப்பதும் கொஞ்சம். அடுத்தது பெட்டி போலச் சதுரமாக வந்தது. அதற்கடுத்தது உருண்டது. ஐந்தாவது தன் தாத்தாவைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. இப்போது ஏழாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சங்கத்து ஆம்பிளைகளின் லட்சணம் தெரியுமா? புதிதாக எது வந்தாலும் காறித் துப்புவார்கள். "இதெல்லாம் மஸ்டாங்கே இல்ல" என்று கோயிலில் உறுதிமொழி சொல்வது போலச் சொல்வார்கள். பதினைந்து வருஷம் கழித்து, அதே வண்டி பழசாகி எவன் வீட்டுப் பின்புறத்திலாவது நின்றால், பக்கத்து மாநிலம் ஒஹாயோ வரைக்கும் தேடிப்போய் வாங்கிவந்து தடவிக்கொடுப்பார்கள். "இந்த மாதிரி இப்ப யாரு செய்றா?" என்பார்கள். மூன்றாம் தலைமுறை வந்தபோது பட்ச் அதை சோப்பு டப்பா என்று திட்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இன்று அவனிடம் இரண்டு சோப்பு டப்பா இருக்கின்றன. எல்லாத் தலைமுறைக்கும் கிடைத்த இந்த மன்னிப்பு இரண்டாவதுக்கு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

என் முதல் கார் அதுதான். பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற பெண்ணுக்கு வேறு எந்த மஸ்டாங் கிடைக்கும்? ஊர் சிரித்ததால்தான் அதன் விலை எனக்கு எட்டியது. எழுபத்துநாலாம் வருஷத்து வண்டி, வெள்ளை. குளிர்காலத்தில் இங்கே பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்பு காரை அடியிலிருந்து தின்னும். என் அப்பா அரசு சாலைத் துறையில் கோடு போடும் லாரியில் இருந்தார். மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் ஒரு வாளி கொண்டுவந்து தந்தார். மல்லாந்து படுத்து என் கையாலேயே காரின் அடிப்பக்கம் பூசினேன். முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஓட்டுநர் இருக்கை வரைக்கும் வருவதற்குள் பெயிண்ட் தீர்ந்துபோயிற்று. புருவத்தில் மஞ்சளோடு நான் வெளியே வந்தபோதுதான் நார்ம் என்னை முதன்முதலில் பார்த்தான். எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போனோம்.

இரண்டாவது பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வீட்டு முன்னால் என் கார் நிற்கும் மேப்பிள் மரத்தடி காலியாக இருந்தது.

"பின்னாடி தரை ஓட்டை விழுந்துபோச்சு ஃபில். குழந்தைங்கள ஏத்துற வண்டியா அது? பழைய இரும்புக்காரன எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்றான்.

என்னைக் கேட்காமல் செய்தானே என்று அழுதேன். பிள்ளைக்காகத்தானே என்று என்னை நானே சமாதானமும் செய்துகொண்டேன். பச்சை உடம்புக்காரி, வேறென்ன செய்வாள்? அந்தக் குளிர்காலம் முழுக்க நார்ம் கராஜிலேயே கிடந்தான். அங்கேதான் அவனுடைய அறுபத்தாறாம் வருஷத்து மஸ்டாங் இருந்தது. முதல் தலைமுறை, கருஞ்சிவப்பு. வசந்தத்தில் வெளியே எடுத்தபோது ஊரே மெச்சியது. பழைய வண்டியெல்லாம் வளைவில் படகு போல ஆடும், நார்முடையது மட்டும் சொன்ன பக்கம் திரும்புகிறது என்றார்கள். நார்ம் கைராசி என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தடவை டயப்பர் மாற்றாத கை அது. துணி டயப்பர்களைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து அந்தக் காரைத்தான் துடைத்தான். பானெட்டைத் திறந்தால் ஆம்பிளைகள் மொய்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் முதுகுகள்தான்.

பிள்ளைகள் வெளியூர் போனார்கள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பக்கத்து ஊர் மன்ரோவில் ஒரு கிழவர் விற்ற எழுபத்தாறாம் வருஷத்து இரண்டாம் தலைமுறை வண்டியைப் பார்த்தேன். காப்பி நிறம். உட்கார்ந்ததும் இருபது வயது திரும்பியது. வாங்கிவிட்டேன். கராஜில் இடமில்லை என்றான் நார்ம். அது மேப்பிள் மரத்தடியில் நிற்கிறது, குருவிகள் அதன்மேல் எச்சமிடுகின்றன. சங்கக் கண்காட்சியில் ஒரே ஒரு நாள், மற்ற வண்டிகளோடு தன் வரிசையில் அது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசையா?

சனிக்கிழமை காலை சாசேஜ் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நிழலும் இருந்தது, புகையும் இருந்தது. வெங்காயம் வதக்கும் எண்ணெய்ப் புகை கண்ணாடியெல்லாம் படிந்தது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவனையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வலீத் என்ற பையன் வந்தான். டியர்பார்ன் நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன். முப்பது வயதிருக்கும், கையில் டார்ச், சட்டை முதுகெல்லாம் தூசி.

"மேடம், பழைய மஸ்டாங் ஒண்ணு வாங்கணும். எந்த வருஷத்துது நல்லதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான்.

"அவனவன் தன்னோடதச் சொல்லியிருப்பான்."

"ஆமா" என்று சிரித்தான்.

"எத எல்லாரும் கேலி பண்றாங்களோ அத வாங்கு. கேலி பண்றவன் போட்டிக்கு வரமாட்டான். ஆனா அடியில படுத்துப் பாக்காம வாங்காத. மேல பளபளன்னு இருக்கும், கீழ உப்பு தின்னிருக்கும்."

என் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். பார்த்துக்கோ என்றேன். அன்று என் காரை மதித்த முதல் ஆள் அவன்தான். பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். அந்த முதல் வரிசையில கருஞ்சிவப்பு வண்டி இருக்குல்ல, அதுக்கு அடியிலயும் படுத்துப் பாத்தேன். முன்சக்கரத்தத் தாங்குற சட்டம், ஸ்டீயரிங் எல்லாம் அச்சு அசல் உங்க வண்டில இருக்கிற மாதிரியே இருக்கு. அறுபத்தாறுல அப்படியா வந்துச்சு?"

"எனக்கென்னப்பா தெரியும்? அது என் வீட்டுக்காரரோடது."

"அப்புறம் இன்னொண்ணு. மேல கறுப்பு அடிச்சிருக்காங்க, ஜாக்கி வச்ச இடத்துல உரிஞ்சிருக்கு. உள்ள மஞ்சள். ரோட்டுல கோடு போடுவாங்களே, அந்த மஞ்சள். அதையா கம்பெனில அடிச்சாங்க?"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி மடிந்து விழுந்தது. அவன் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு முதல் வரிசைக்கு நடந்தேன். பூப்போட்ட சட்டையோடு அந்தத் தாரில் மல்லாந்து படுத்து நார்மின் காருக்கு அடியில் தலையை விட்டேன். என் மஞ்சள். தாறுமாறாக இழுத்த என் தூரிகைக் கோடுகள். பச்சை உடம்போடு நான் வீட்டில் கிடந்த குளிர்காலத்தில் என் காரின் முன்பக்கத்தை அறுத்துத் தன் காருக்கு வைத்து, அதன்மேல் கறுப்பு பூசியிருக்கிறான்.

வெளியே வந்தபோது நார்ம் கையில் கார் துடைக்கிற டயப்பரோடு நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பழைய இரும்புக்காரன் பேரு என்ன நார்ம்?" என்றேன்.

"ஃபில், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பேரு என்ன?"

"பின்னாடி நிஜமாவே துருப்பிடிச்சிருந்துச்சு. முன்பக்கம் மட்டும் நல்லா இருந்துச்சு, சும்மா போகவேணாமேன்னு..."

"ஏன் நல்லா இருந்துச்சு? யார் பூசினா?"

பின்னாலிருந்து பட்சின் குரல்தான் வந்தது. "அடப்பாவி, இன்னுமா நீ அவகிட்ட சொல்லல?"

அங்கேதான் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது. திரும்பி அந்த முகங்களைப் பார்த்தேன். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து மொய்த்தபோதெல்லாம் என் வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் மட்டக்குதிரை என்று என்னிடம் சிரித்திருக்கிறார்கள். என் அப்பா கொண்டுவந்த வாளி இந்தக் கூட்டத்துக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

நார்மின் சட்டைப்பையில் சாக்பீஸ் துருத்திக்கொண்டு தெரிந்தது. உருவிக்கொண்டேன். அவன் சாவி எப்போதும் காரிலேயே இருக்கும். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். இத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் என்னை அவன் உட்காரவிட்டதில்லை. முதல் திருப்பத்திலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்று சர்ச் முனையில் திரும்பிய அதே திருப்பம். கண் கலங்கியது. அழுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்த நடைபாதையில் நட்டநடுவாக நிறுத்தி, இறங்கி, முன்னால் தரையில் பெரிதாக இரண்டு என்று எழுதினேன்.

நார்ம் ஓடிவந்தான். "அது அறுபத்தாறு ஃபில்! முதல் வரிசை! மார்க் போட நடுவர்ங்க வர்ற நேரம்!"

"முன்பாதி என்னுது. அது இங்கதான் நிக்கும். பின்பாதிய வேணும்னா அறுத்து எடுத்துட்டுப் போய் அங்க வச்சுக்க. உனக்குத்தான் அறுக்கத் தெரியுமே."

யாரோ சிரித்தார்கள். பட்ச் அல்ல. பட்ச் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர்கள் வந்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள், நார்மைப் பார்த்தார்கள். அவன் என்ன சொல்வான்?

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது என் காரின் சாவியை அவன் கையில் போட்டேன். "நீ அத ஓட்டிட்டு வா" என்றேன். சாசேஜ் வாடையோடு அந்தக் காப்பி நிற வண்டியை அவன் ஊர் நடுவே ஓட்டிவந்தான். நான் பின்னாலேயே வந்தேன். வாசல் புல்வெளிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போல் கையசைத்தார்கள். அவன் யாருக்கும் கையசைக்கவில்லை.

வீட்டில் கராஜ் கதவு திறந்திருந்தது. நான் அவனை முந்திக்கொண்டு போய் அறுபத்தாறை மேப்பிள் மரத்தடியில் நிறுத்தி இறங்கினேன். அவன் என் காரிலிருந்து தலையை நீட்டினான்.

"உள்ள விடு" என்றேன்.

"ஃபில், விளையாடாத. அது வெளியில நின்னா துருப்பிடிச்சிரும்."

"பிடிக்காது நார்ம். முன்னாடி நான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். பின்னாடிக்கு நான் பொறுப்பில்ல."